ஹோல்டு அட்டை கட்டிய ஆலமரம்

பதறுவதில் எனக்கு இருபது வருட அனுபவம் உண்டு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு சூப்பர்வைசராக இருந்தவன் வேறு எதில் தேர்ச்சி பெற முடியும்? அளவு ஒரு மயிரிழை கூடினால் பதற வேண்டும். குறைந்தால் பதற வேண்டும். சரியாக இருந்துவிட்டால், அளந்த கருவி சரியாக இருக்கிறதா என்று பதற வேண்டும். இதற்குத்தான் மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள். அப்படி நான் பட்ட பதற்றங்களில் ஆகச் சிறந்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: ஒன்றேகால் அடி உயரமுள்ள ஓர் ஆலமரத்துக்காகப் பட்டதுதான்.

மரம் என்னுடையது அல்ல. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவிலேயே குடியிருந்த பேரிங் கடை பாயுடையது. ஓசூரின் பாதித் தொழிற்சாலைகளுக்குப் பேரிங்கும் பெல்ட்டும் ஆயில் சீலும் அவர் கடையிலிருந்துதான் போகும், எங்கள் தொழிற்சாலை உட்பட. அவர் கடை போட்ட வருஷம், சுவரில் குழாய் இறங்கும் விரிசலில் ஓர் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கிப் போடுங்கள் என்று கட்டட உரிமையாளர் சொல்லியிருக்கிறார். பாய் பிடுங்கினார், போடவில்லை. கிரீஸ் டப்பாவில் மண் போட்டு வைத்தார். பிறகு சட்டியில். பிறகு பெங்களூர் லால்பாக் மலர்க் கண்காட்சியில் போன்சாய் மரங்களைப் பார்த்துவிட்டு வந்து, கிளையை வெட்டி, வேரை வெட்டி, கம்பி கட்டி வளைத்து, சாப்பாட்டுத் தட்டு ஆழத்துக்கு ஒரு தொட்டியில் நிறுத்தினார். நான் சொல்லுகிற காலத்தில் அதற்குப் பதினெட்டு வயது. விழுதுகூட விட்டிருந்தது, தையல் நூல் தடிமனில். மரத்தடியில் ஒரு பஞ்சாயத்தைக் கூட்டலாம், பஞ்சாயத்தார் எறும்பாக இருந்தால்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ஹஜ் பயணம் மார்கழி, தை மாதத்தில் வந்துகொண்டிருந்த காலம். பாயும் அவர் மனைவியும் புறப்பட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். மனிதர்களிடம் பாக்கி வைத்துக்கொண்டு ஆண்டவனிடம் போகக் கூடாது என்பது கணக்கு. எங்கள் வீட்டுக்கும் ஒரு சாயங்காலம் வந்து நின்றார்.

"சூப்பர்வைசரே, தெரிஞ்சோ தெரியாமயோ ஒங்க மனசு நோவுற மாதிரி எதாச்சும் செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். "போன பெருநாளைக்கு பிரியாணில எனக்கு மட்டும் எலும்பா வச்சீங்களே பாய், அதையும் சேத்தா?"

"அத என் வீட்டுக்காரம்மாகிட்ட கேளுங்க. கரண்டி அவங்க கையிலதான் இருந்துச்சு."

உள்ளேயிருந்து என் மனைவி, "மனுசரு எவ்ளோ பெரிய காரியமா வந்து நிக்கிறாரு, இவருக்கு எலும்பு" என்றாள்.

"மன்னிச்சாச்சு பாய். எலும்பு உட்பட."

அவர் சிரித்துவிட்டு, வாசலுக்கு வெளியே போய், துண்டு சுற்றி வைத்திருந்த எதையோ குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். மரம். "திரும்பி வர நாப்பது நாளாவும். வீடு பூட்டிக் கெடக்கும். தம்பி தெனம் கிருஷ்ணகிரிலருந்து வந்து கடையப் பாத்துக்குவான். ஆனா மரத்த அவன்கிட்ட விட்டா, தண்ணி ஊத்துறேன்னு பக்கெட்டுல முக்கி எடுத்துருவான். இது ஒங்ககிட்ட அமானிதம்."

அந்தச் சொல்லை அதற்கு முன்னும் அவர் வாயில் கேட்டிருக்கிறேன். நம்பி ஒப்படைத்த பொருள். கொடுத்தபடியே திரும்ப வர வேண்டிய பொருள். இதை விளையாட்டாகச் சொல்ல மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்து மரம், நாற்பது நாள், என் இரண்டு கை.

வாசலில் நின்று மூன்று விஷயம் சொன்னார். "காலைல வெயிலு நல்லாப் படணும். மேல்மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி. வாரத்துக்கு ஒருக்கா தொட்டியக் கால் வட்டம் திருப்பி வைங்க."

அந்த நேரத்தில் நான், திரும்பி வரும்போது ஓர் ஒட்டகம் வாங்கி வரச் சொல்லலாமா என்று ஒரு நகைச்சுவையை மனதுக்குள் தீட்டிக்கொண்டிருந்தேன். அதனால் மூன்றாவது விஷயம் முழுதாகக் காதில் விழுந்தது. இரண்டாவதில் பாதி விழுந்தது. முதலாவது விழவே இல்லை.

"நாங்க ஓடுற மெஷினையே கட்டி மேய்க்கிறவங்க பாய். மரம் என்ன ஓடியா போவப் போவுது?" என்றேன்.

என் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் வெயிலை யாரும் தேடிப் போக மாட்டார்கள். அது வீடு தேடி வரும், வந்தால் லேசில் போகாது. உயிருள்ள எதையும் வெயிலிலிருந்து காப்பாற்றுவதுதான் நான் கற்ற தர்மம். எனவே மரத்தைக் கொண்டுபோய்ப் பத்திரமாக டிவி மேல் வைத்தேன்.

என் மனைவி சாமல்பட்டிக்காரி. வீட்டில் நிலம் உண்டு. "ஏங்க, மரத்தப் போயி டிவி மேல வக்கிறீங்க."

"போன்சாய் இது. ஷோகேஸ் சாமான்."

"எங்க ஊர்ல மரம்னா வெளியதான் நிக்கும்."

"அது பெரிய மரம். இது சின்ன மரம்."

"சின்னதா இருந்தா அதுக்குச் சோறு வேணாமா?"

நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஓசூர் மார்கழியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலை எட்டரை வரை எதிர்வீடு தெரியாது. ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் இரண்டு மஞ்சள் கண்ணாகத்தான் வரும். அது எங்கள் பஸ்தானா என்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறுதியாகும். பக்கத்துக் காடான சானமாவில் யானை இறங்கியிருக்கிறது என்ற செய்தி பால்காரரோடு வரும், பனிக்குள் எந்தத் திட்டு யானை என்று யோசித்துக்கொண்டே வண்டி ஓட்ட வேண்டும். அப்படிப்பட்ட குளிரில், பாய் பெற்றெடுத்த பிள்ளையை மொட்டை மாடியில் தனியாக விடுவதா? டிவி மேல் வெதுவெதுப்பாக இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் மரத்தைப் பாராட்டினார்கள். நான் வளர்த்ததுபோல் ஏற்றுக்கொண்டேன்.

எட்டாம் நாள் டிவி மேல் ஒரு மஞ்சள் இலை கிடந்தது. மறுநாள் நான்கு. அதற்கு மறுநாள் பதினொன்று. வளர்ச்சி விகிதத்தைப் பார்த்தால் நல்ல கம்பெனிபோல் இருந்தது.

நிதானமாக யோசிக்கிறவன் இந்த இடத்தில் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியாது, அந்த அனுபவம் இல்லை. நான் உரக்கடைக்குப் போய் ஒரு டானிக் வாங்கி வந்தேன். "அத நீங்க குடிங்க, ஒங்களுக்குத்தான் தேவ" என்றாள் மனைவி. பிறகு, வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லையோ என்று ஒரு சந்தேகம் தட்டியது. சரியான சந்தேகம், அதன் பிறகு செய்ததுதான் தப்பு. கூடத்தில் இன்னொரு டியூப்லைட்டைப் போட்டேன். இலை நிற்கவில்லை. ஓசூரிலேயே வெளிச்சமான இடம் எது என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். கேள்வியைக் கேட்டவனும் பதில் சொன்னவனும் ஒரே முட்டாளாக இருந்ததால் பதில் உடனே கிடைத்தது. எங்கள் தொழிற்சாலையின் பரிசோதனை மேஜை. தலைக்கு மேல் வரிசையாக விளக்கு, மூன்று ஷிஃப்டும் அணையாது, தலைமுடி அளவு கீறலும் தப்பாது.

மறுநாள் மரத்தைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். ரெஜிஸ்டரில் எழுதாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர் அவர்.

"இது என்னா சார்?"

"மரம்."

"அது தெரியுது. உள்ள வச்சிட்டுப் போவீங்களா, திரும்ப எடுத்துக்கினு போவீங்களா?"

வெளியிலிருந்து சோதனைக்கு வந்து திரும்பிப் போகிற பொருளுக்கு ரிட்டர்னபிள் கேட் பாஸ் என்று ஒன்று உண்டு. எப்படி உள்ளே வந்ததோ அப்படியே வெளியே போக வேண்டும். ஒரு போல்ட் குறைந்தாலும் விளக்கம் எழுதித் தர வேண்டும். அவர் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாக எழுதினார்: 'ஆலமரம், சிறியது, ஒன்று. தொட்டி, இலைகள் உட்பட.' நான் கையெழுத்துப் போட்டேன்.

மேஜையில் வைத்ததும் என் தொழில்புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. நல்லதா கெட்டதா என்று முடிவாகாத பொருளுக்கு மஞ்சள் நிறத்தில் 'ஹோல்டு' அட்டை கட்டுவோம். கட்டிவிட்டால் யாரும் தொட மாட்டார்கள். அதில் ஒன்றை எடுத்து மரத்தின் அடியில் கட்டினேன். பிறகு, பாய் சொன்னதில் எனக்கு முழுதாக நினைவிருந்த ஒரே விஷயத்தை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேல் ஒட்டினேன்: 'தொட்டியைக் கால் வட்டம் திருப்பவும். திருப்பியவர் கையொப்பமிடவும்.' எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று எழுத மறந்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் எத்தனை முறை என்று எழுதாத வேலையை ஷிஃப்டுக்கு ஒரு முறை செய்வார்கள். அதுதான் அங்கே வழக்கம். நானே பழக்கியதுதான்.

மூன்று ஷிஃப்ட் ஆட்களும் அந்த மரத்தின் மேல் உயிராக இருந்தார்கள். ஷிஃப்டுக்கு ஒரு தரம் திருப்பினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டிய மரம் கிரைண்டர் மாதிரிச் சுற்றியது. நான்காம் நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், மஞ்சள் அட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு அட்டை தொங்குகிறது. 'ரிஜெக்ட். காரணம்: மேல்பூச்சு உரிதல்.'

"யாரு இதக் கட்டுனது?"

"நான்தான் சார்" என்றார் மூன்றாம் ஷிஃப்ட் ஆபரேட்டர். "நைட்டு முழுக்க உரிஞ்சுக்கினே இருந்துச்சு. இதுக்கு மேல பாஸ் பண்ண முடியாது சார்."

சிவப்பு அட்டையைப் பிய்த்து எறிந்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. மரத்தில் ஐந்தோ ஆறோ இலைதான் மிச்சம். மற்றபடி குச்சி.

அன்றைக்கென்று பார்த்து பாயின் தம்பி பேரிங் டெலிவரிக்கு வந்திருந்தார். ஸ்டோருக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்புதான். நான் ஓடிப்போய் மேஜைக்கு முன்னால் நின்று மரத்தை மறைத்தேன். ஒன்றேகால் அடி மரத்தை மறைக்க என் வயிறே போதும் என்று தைரியமாக இருந்தேன். அவர் கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன், போய்விட்டார்.

மறுநாள் என் செல்போன் அடித்தது. நீளமான எண். மக்காவிலிருந்து பாய்.

"சூப்பர்வைசரே, சொகமா இருக்கீங்களா? மரம் எப்படி இருக்குது?"

மரத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்லத் தெம்பில்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஜம்முன்னு இருக்குது பாய்."

அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான பேர் நடக்கிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "வெயிலு நல்லாப் படுதுல்ல?" என்றார்.

"படுது பாய். நல்லாப் படுது." எட்டு டியூப்லைட்டுக்கு அடியில் நின்று சொன்னேன்.

"சரி. ஒங்களுக்கும் சேத்து துவா செஞ்சிக்கிட்டிருக்கேன்."

வைத்துவிட்டார். ஒரு மனிதர் புனித பூமியில் நின்று எனக்காகப் பிரார்த்தனை செய்கிறார். நான் அவரிடம் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். சாதாரணமாகப் பதறினால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அன்று காது மடல் வேர்த்தது. ஆனால் அந்தப் பதற்றத்துக்கு நடுவில் ஒரு சொல் முதல்முறையாகக் காதுக்குள் போய் உட்கார்ந்தது. வெயில். வாசலில் நின்று அவர் முதலில் சொன்னதும் அதுதானே.

அன்று மத்தியானம் தோட்ட வேலை செய்கிற அம்மா பூந்தொட்டிகளை அடுக்க வந்தார். வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் அறைக்குப் பூந்தொட்டி வரும். அவர் அதற்கு முன் தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் பல வருஷம் இருந்தவர். வீட்டில் கன்னடம், பண்ணையில் தெலுங்கு, எங்களோடு தமிழ். அந்தத் தமிழில் எல்லாருமே நீதான். மரியாதைக்கு சாரு என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்.

மரத்தைப் பார்த்துவிட்டு, "இத இங்க யாரு வச்சது சாரு?" என்றார்.

"நான்தாம்மா. வெளிச்சமா இருக்கட்டும்னு."

"இந்த வெளிச்சத்துல நீ பேப்பர் படிப்ப. மரம் என்னா, பேப்பரா படிக்குது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளிச்சத்தைப் பற்றி எனக்கா சொல்வது? வெளிச்சத்தை அளக்க லக்ஸ் மீட்டரே வைத்திருக்கிறவன் நான். மேஜைக்கு மேல் போதுமான வெளிச்சம் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை அளந்து எழுத வேண்டும். எடுத்து வைத்தேன். ஆயிரத்தைத் தாண்டிக் காட்டியது. "பாத்தீங்களா, எவ்ளோ வெளிச்சம்" என்றேன்.

"அத வெளிய எடுத்துக்கினு வா."

வெளியே வந்தோம். முதலில் கேன்டீன் ஓரத்துப் புங்க மர நிழலில் பிடிக்கச் சொன்னார். நிழலே மேஜையைப்போலப் பல மடங்கு காட்டியது. கருவி பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். வெட்டவெளிக்குப் போனேன். எண் ஓடி ஓடி, காட்ட முடியாமல் நின்றது. அளவு விசையை ஒரு படி மேலே தள்ளினேன், மறுபடியும் நின்றது. இன்னொரு படி. அப்போதும் எழுபது எண்பது ஆயிரம் என்று ஆடிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அது மார்கழி வெயில், ஓசூர் வெயில், எங்கள் ஊர்க்காரன் நிலவு என்று சொல்லக்கூடிய வெயில்.

கருவி பொய் சொல்லவில்லை. என் கண்தான் பொய் சொல்லியிருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் அகலமாகத் திறந்துகொண்டு, வெளியே போனால் சுருங்கிக்கொண்டு, எல்லா இடமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று இத்தனை வருஷமாக எனக்குச் சொல்லி வந்திருக்கிறது. மரத்துக்கு அப்படிச் சுருக்கி விரிக்கக் கண் கிடையாது. அதற்கு வந்தது வந்ததுதான், வராதது வராததுதான். அன்றைக்கே மேலாளரிடம் சொல்லிவிட்டு மீட்டரை வீட்டுக்கு எடுத்துப்போய் டிவி மேல் வைத்தேன். நூறுகூட இல்லை. இத்தனை நாளும் அந்த ஜீவனுக்குச் சோறு போடாமல் சோற்றின் படத்தைக் காட்டியிருக்கிறேன். சின்னதாக இருந்தால் சோறு வேண்டாமா என்று கேட்டவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் எண்ணைச் சொல்லவில்லை.

ஆனால் அதற்கு முன், தொழிற்சாலையிலேயே ஒன்று நடந்தது. எண்பதாயிரத்தைப் பார்த்த வேகத்தில் உள்ளே ஓடி, மரத்தைத் தூக்கிவந்து வெட்டவெளி சிமென்ட் தரையில் வைக்கப் போனேன். அந்த அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு சாரு, இரு. இத்தினி நாளு பட்டினி கெடந்தவன இழுத்துக்கினு போயி கல்யாண விருந்துல ஒக்கார வப்பியா?"

ரோஜாப் பண்ணையில் வலைக்கடியில் வளர்ந்த செடியை வெளியே எடுக்கும்போது எப்படி எடுப்பார்கள் என்று சொன்னார். முதல் சில நாள் காலை வெயில் மட்டும், ஒரு மணி நேரம். அது பழகினால் இரண்டு மணி. உச்சி வெயில் பிறகு. இலையில்லாத மரம் அதிகம் குடிக்காது, தண்ணியைக் குறை. முக்கியமாக, சுற்றுவதை நிறுத்து. சொல்லிவிட்டு, கட்டைவிரல் நகத்தால் ஒரு சின்னக் கிளையின் பட்டையை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. ஒரு துளி பால் வந்து நின்றது.

"உசுரு இருக்குது. பயப்படாத."

இருபது வருஷத்தில் எந்தப் பரிசோதனை அறிக்கையும் எனக்கு அவ்வளவு நிம்மதி தந்ததில்லை. மஞ்சள் அட்டையை நானே அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி ரெஜிஸ்டரைப் புரட்டினார். மரத்தைப் பார்த்தார். மறுபடி ரெஜிஸ்டரைப் பார்த்தார்.

"இலைகள் உட்படன்னு எழுதியிருக்குது. இலை எங்க சார்?"

"கொட்டிப் போச்சு."

"உள்ள வந்த மாதிரியே வெளிய போவணும். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த விதியை வைத்து எத்தனை பேரை நான் ஓட விட்டிருக்கிறேன். திரும்பிப் போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்து, மேஜைக்கடியில் குனிந்து, கிடைத்த இலைகளை ஒரு பாலிதீன் கவரில் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அவர் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் அதே இலைதானா?"

"வேணும்னா ஒட்டிப் பாத்துக்குங்க."

'இலைகள் தனியாக' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்.

பாய் திரும்பி வர இருபத்து நான்கு நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸோடு மொட்டை மாடியில் ஏறினேன். மணிக்கு ஒரு தரம் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் கோடு போட்டேன். அந்த வீட்டில் ஒன்பது வருஷம் குடியிருந்தும் அன்றுதான் கண்டேன்: மார்கழிச் சூரியன் தலைக்கு மேல் வருவதே இல்லை, தெற்கே சாய்ந்துகொண்டே போய்விடுகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த வீட்டுக்காரர் தரையைப் பார்த்து, "என்னா சார், ரூம் எடுக்கப் போறீங்களா?" என்றார். தென்மேற்கு மூலையில் அவருடைய தண்ணீர்த் தொட்டி. அதன் நிழல் நண்பகலுக்குப் பிறகு கிழக்குச் சுவரோரமாக நகர்ந்து வரும். ஆக, கிழக்குச் சுவரோரம் ஓரிடத்தில் பனி விலகியதிலிருந்து வெயில், மத்தியானம் தானாகவே நிழல். நம்பிக்கையோடு ஒரு பெருக்கல் குறி போட்டு மரத்தை அங்கே வைத்தேன்.

எல்லாம் நான்தான் செய்தேன் என்று எழுத ஆசைதான். முதல் ஷிஃப்ட் என்றால் நான் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். துணி காயப்போடப் போகும் என் மனைவிதான் தினமும் பார்த்து, வெயில் அதிகமாகப் பட்டால் என் பழைய வேட்டியைக் கொடியில் போட்டு மறைத்து, நாலு நாளைக்கு ஒரு சாண் என்று நிழலிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தாள். எதிர்மாடியிலிருந்து ஒரு அம்மா, "குச்சிய எதுக்குங்க வெயில்ல வக்கிறீங்க, அடுப்புக்கா?" என்று கேட்டார்களாம். "ஆமாங்க, பிரியாணிக்கு" என்றாளாம் இவள். என்னோடு குடித்தனம் நடத்தி வந்த வினை.

மாடியில் வைத்த பன்னிரண்டாம் நாள் ஒரு கிளை நுனியில் அரிசி முனை அளவுக்கு ஏதோ சிவப்பாகத் துருத்தியது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மொட்டு. அதற்கு இரண்டு நாள் கழித்து ஒன்பது இடத்தில். உடனே எனக்குப் பழைய புத்தி திரும்பியது. வெயில்தான் சோறு என்றால், இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் சீக்கிரம் வளராதா? ஒரு நாள் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகுமுன் அவளுக்குத் தெரியாமல் தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு அப்பால், முழு வெயிலில் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலத்துக்குள் இரண்டு குருத்து ஓரம் கருகிவிட்டது.

"பச்சப் புள்ள வாயில முழு லட்டத் திணிச்சிருக்கீங்க" என்றாள். அதன் பிறகு, வேலையில்லாத நேரத்திலும் மாடிக்குப் போக எனக்கு அனுமதி இல்லை.

தை பிறந்து, பனி சீக்கிரம் விலக ஆரம்பித்தது. மரம் தழைத்தது. முன்னைப்போல் அடர்த்தியாக இல்லை, நாற்பது ஐம்பது இலை இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் சின்னதாக, கெட்டியாக, எண்ணெய் தடவினதுபோல.

பாய் வந்து இறங்கிய அன்று வீடு நிறையக் கூட்டம். ஹஜ்ஜிலிருந்து வந்தவரைப் பார்த்து துவா கேட்க வந்தவர்கள். பேரீச்சம்பழமும் சின்னக் கோப்பையில் மக்காவின் புனித ஜம்ஜம் தண்ணீரும் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன், பின்னால் என் மனைவி. பாய் தலையை மொட்டையடித்திருந்தார், அங்கே போனவர்கள் அடிப்பதுதான். இப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. மரத்துக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

தொட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையாகப் பார்த்தார். "எல்லா இலையும் புதுசா இருக்குதே" என்றார். "நானே ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா, நல்ல வெயில் காலமாப் பாத்து, பழைய இலையெல்லாம் உருவி விடுவேன். அப்பத்தான் சின்ன இலையா வரும். மார்கழில எவனும் செய்ய மாட்டான். நீங்க உருவுனீங்களா?"

தப்பித்துப் போகக் கதவு இவ்வளவு அகலமாக யாருக்கும் திறந்திருக்காது. ஆமாம் பாய், ஒரு டெக்னிக்குதான் என்று ஒரு சொல் போதும். தெருவில் போன்சாய் நிபுணர் ஆகியிருப்பேன். வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மடியில் இருந்த மரத்தைப் பார்த்தேன். ஓரம் கருகிய இரண்டு இலை என் பக்கமாகத்தான் இருந்தது.

"இல்ல பாய்" என்றேன். "தெரிஞ்சோ தெரியாமயோ ஒங்க மனசு நோவுற மாதிரி நெறயச் செஞ்சிட்டேன். மன்னிச்சிருங்க."

நான் டிவியிலிருந்து தொடங்கி டியூப்லைட், கேட் பாஸ், கால் வட்டம், சிவப்பு அட்டை, ஃபோனில் சொன்ன பொய், முழு லட்டு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். இலைக் கவர் வரும்போது பாயின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து பாய் முன்னால் வைத்தேன்.

பாய் அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதானா அது. தம்பி அன்னிக்கு நைட்டே ஃபோன்ல சொன்னான். 'அண்ணே, ஒங்க மரத்த ஹோல்டுல போட்டிருக்காங்க, முன்னாடி ஒருத்தரு நின்னு மறைக்கிறாரு'ன்னு."

மூலையில் நின்ற தம்பி எனக்குக் கையை ஆட்டினார், அன்று ஸ்டோரில் ஆட்டியதுபோலவே.

"தெரிஞ்சுமா பாய் எப்படி இருக்குதுன்னு கேட்டீங்க?"

"வெயிலு படுதான்னுதான் கேக்கப் போட்டேன். கேட்டா ஒங்களுக்கு ஞாபகம் வரும்ல."

"நல்லா நாலு திட்டு திட்டியிருக்கலாமே."

"ஹஜ்ஜில சண்ட போடக் கூடாது சூப்பர்வைசரே. பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கிட்டேன். இப்ப முடிஞ்சுது." சொல்லிவிட்டு நிஜமாகவே நாலு திட்டு திட்டினார். கூட்டத்துக்கு முன்னால், உருதுவும் தமிழும் கலந்து, ரொம்ப நிறைவாக. பிறகு, "மன்னிச்சாச்சு" என்றார். "எலும்பு உட்பட."

அன்று சாப்பாட்டில் எனக்கு எலும்பாகவே வந்தது. கரண்டி அவர் மனைவி கையில்தான் இருந்தது.

அடுத்த வருஷம் மகளின் பிரசவத்துக்கு பாய் குடும்பத்தோடு வேலூர் போனபோது மரம் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்று விஷயத்தையும் சொன்னார், என் மனைவியிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன். இந்த முறை மனதுக்குள் எந்த நகைச்சுவையையும் தீட்டவில்லை. அவர் முதல் வாக்கியத்தை முடிக்குமுன் மொட்டை மாடிச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.